அப்ப நானும் கள்ளனோ?

போன ஓகஸ்டில் ஒரு பின்னேரம், எங்கள் வீட்டு விறாந்தையில் நாலு பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கிடந்து ஒரு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. ஒரு றாத்தல் பாணில் பாதியளவு, துணி சுற்றிய சிவப்புப் பெட்டி. மேலே ஒரு சின்னப் பொம்மையை வைத்தால் கதை சொல்லும், எடுத்தால் வாயை மூடும். ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்த என் பேரன் பெட்டிக்குள் உடுப்பைக் குறைத்துவிட்டுக் கொண்டுவந்த சாமான் அது. அவனுக்குப் பத்து வயது. மற்ற மூன்றும் பக்கத்து வளவுப் பிள்ளைகள்: பன்னிரண்டு வயதில் ஒரு பெட்டை, ஒன்பதில் ஒரு பெடியன், ஆறில் கடைக்குட்டி. அந்த மூன்று பேருக்கும் ஜேர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

கதை இதுதான். ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா. அங்கே யாரோ களவெடுக்கிறார்கள். நாலு பிள்ளைகள் துப்புத் துலக்கிப் பிடிக்கிறார்கள். ராட்டினப் பாட்டு, காசு சிந்துகிற சத்தம், ஒரு மனுசி கத்துவது, இரும்புக் கதவு, நாய், ஓட்டம். முக்கால் மணித்தியாலம் ஒருத்தரும் அசையவில்லை. நடுவில் கடைக்குட்டி மட்டும் துள்ளி எழும்பினான்.

"உவன்தான் கள்ளன்!"

என் பேரன் பெட்டியை நிற்பாட்டிவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்கு டொச் விளங்குமோ?"

"இல்லை. செருப்புச் சத்தம். முதல் வந்த அதே செருப்பு."

கதையில் வருகிற அந்த நாலு கெட்டிக்காரருக்கும் அது விளங்க இன்னும் பத்து நிமிடம் பிடித்தது.

நான் 1977 இல் யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவில் முதல் நியமனம் எடுத்து, புங்குடுதீவு போய், வேலணையில் ஓய்வு பெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியை. முப்பத்தாறு வருடத்தில் நாற்பது நிமிடப் பாடமொன்றை இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்ட பிள்ளைகளை நான் கண்டதில்லை. அன்றைக்கு எனக்கு அந்தப் பெட்டியின் மேல் பொறாமைதான் வந்தது.

அந்த நாட்டில் இதற்கு ஹேர்ஷ்பீல் என்று பெயராம். 'ஹேர்' என்றால் கேட்பது. 'ஷ்பீல்' என்றால் நாடகமும்தான், விளையாட்டும்தான். நாங்கள் 'ஆட்டம்' என்று இரண்டுக்கும் சொல்வது போல. எனக்கு இதைச் சொன்னவர் மருமகன். 1991 இல், பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனோடு போய் இறங்கியவர். வகுப்பில் வாய் திறக்காத பெடியனுக்கு அங்கே ஓர் ஆசிரியை ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெற் கொடுத்தாராம். எல்லாம் பிள்ளைகள் கள்ளன் பிடிக்கிற கதைகள். பிடித்தால்தான் அடுத்த கசெற். அப்படித்தான் மொழி வந்தது என்கிறார். இன்றைக்கும் அவருக்குக் கோபம் வந்தால் ஜேர்மன் மொழியில் அந்தக் கசெற்றில் வருகிற பொலிஸ் அதிகாரி மாதிரித்தான் பேசுவார் என்று மகள் சிரிப்பாள்.

அந்தக் கதைகளில் பேர்பெற்றது 'மூன்று கேள்விக்குறிகள்'. ஆச்சரியம் என்னவென்றால் அது ஜேர்மன்காரரின் சொந்தச் சரக்கே இல்லை. 1964 இல் றொபர்ட் ஆதர் என்ற அமெரிக்கர் தொடக்கிய புத்தகத் தொடர். அமெரிக்காவில் மூலத் தொடர் 1987 ஓடு நின்றுபோனது. ஜேர்மனியில் 1979 இல் அதை ஒலிநாடகமாக்கினார்கள், இன்றும் வந்துகொண்டிருக்கிறது. மூன்று பெடியங்களாக அன்று நடிக்கத் தொடங்கிய அதே மூன்று பேர்தான் இன்னமும் குரல் கொடுக்கிறார்கள். அறுபது வயது தொட்ட மனிதர்கள், பள்ளிக்கூடப் பெடியனாக! அவர்கள் மேடையில் வந்து மைக் முன்னால் நின்று வாசிப்பதைக் கேட்கப் பல்லாயிரம் சனம் ரிக்கற் எடுத்து மைதானத்தில் கூடுகிறதாம். 1981 இல் வந்த இன்னொரு தொடருக்கு நாலு பிள்ளைகளின் பெயரின் முதலெழுத்துகள்தான் தலைப்பு. அதுவும் ஓயவில்லை. ஒரு சாதாரணக் கள்ளன் பொலிஸ் விளையாட்டை அந்தச் சமூகம் நாற்பது வருடத்துக்கு மேலாகச் சோறு போட்டு வளர்க்கிறது.

இதைக் கேட்டு வாய் பிளக்க வேண்டிய ஊர் இல்லை எங்கள் ஊர். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான்.

வேலணையிலிருந்து ஊர்காவற்துறைக்குப் போகிற வழியில் கரம்பன். சோ. சிவபாதசுந்தரம் 1912 இல் பிறந்த இடம். ஈழகேசரிப் பத்திரிகையில் ஆசிரியராக இருந்து, இலங்கை வானொலிக்குப் போய், பிறகு லண்டன் பி.பி.சி.யில் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' என்று பெயர் வைத்த மனிதர். 'ஒலிபரப்புக் கலை' என்று அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறைக்குத் தமிழில் முன்னோடி நூல். அதே கரம்பனில் ஒரு வருடம் பிந்திப் பிறந்தவர் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள். அடிகளாரை ஊர் நினைவில் வைத்திருக்கிறது. மைக்குக்கு முன்னால் தமிழ் எப்படி இருக்கவேண்டும் என்று முதலில் யோசித்தவர்களில் ஒருவர் எங்கள் தீவுக்காரர் என்பது இங்கே படிப்பிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்கு ஐயம். நானே அவரைப் பற்றி அறிந்தது ஓய்வு பெற்ற பிறகு.

பிறகு வந்த வானொலி நாடகங்களை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை, காதாலேயே அறிவேன். இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்', 'லண்டன் கந்தையா' எல்லாம் ஐயா சொல்லிச் சொல்லிச் சிரித்தவை. யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சு, ஒரு எழுத்தும் சலவை செய்யாமல், கொழும்பிலிருந்து திரும்பி வந்து எங்கள் காதில் விழுந்த காலம் அது. எங்கள் வீட்டு வால்வு ரேடியோவுக்குப் பொன்னாடை மாதிரி ஒரு கைவேலைத் துணி. சூடாகிக் குரல் வரும்வரைக்கும் ஐயா ஒருவரையும் கதைக்க விடமாட்டார். பிள்ளைகளுக்குச் 'சிறுவர் மலர்'. அதை நடத்திய சரவணமுத்துவை நாடே 'வானொலி மாமா' என்றது. பிற்காலத்தில் பெரிய அறிவிப்பாளரான பலர் அங்கே சின்னக் குரலில் தொடங்கியவர்கள், பி.எச். அப்துல் ஹமீதும் அப்படித்தான். அக்கரையிலிருந்து திருச்சி வானொலி, சில இரவுகளில் கொழும்பைவிடத் துப்புரவாகக் கேட்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தெரியாது.

நெடுந்தீவில் நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு ட்ரான்சிஸ்டர் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதி. சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாகப் போகும். அந்த நேரம் வந்தால் அயலட்டைப் பெண்கள் கல்வேலிக்கு மேலால் ஏறிக் குதித்து வருவார்கள். நெடுந்தீவு வேலி முருகைக்கல்லை அடுக்கிக் கட்டியது. ஏறினால் கல் உருளும். நாடகம் முடிந்த பிறகு வீட்டுக்காரக் கிழவி லாம்போடு போய் விழுந்த கல்லை எடுத்து வைப்பார். ஒரு நாடகம் எப்படிப் போனது என்று விழுந்த கல்லை எண்ணிச் சொல்லலாம். அந்த நாடகத்தில் நடித்த கே.எஸ். பாலச்சந்திரன்தான் 'அண்ணை றைற்' செய்தவர். ஒரே மனிதர், ஒரே தொண்டை. கொண்டக்டர், ஏறுகிற கிழவி, இறங்கமாட்டேன் என்கிறவர், நசிபடுகிற பெட்டை, முழு பஸ்ஸும் அதற்குள் ஏறிவிடும். கேளிக்கைப் பூங்காவை ஒலியால் கட்டலாமோ என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், யாழ்ப்பாணத்து பஸ்ஸை ஒருவர் அப்படிக் கட்டிக் காட்டிவிட்டார் என்பதுதான்.

1990 இல் யுத்தத்தால் தீவுகளை விட்டு ஓடினோம். கொக்குவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் ஐந்து குடும்பம். மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் வயர் கொளுவி, கையால் பெடலைச் சுற்றினால்தான் ரேடியோ பேசும். செய்திக்குத்தான் சுற்றுவது. ஆனாலும் இடையில் நாடகம் வந்தால் பெரியம்மாவின் பேரன் சுற்றிக்கொண்டே இருப்பான். கதை உச்சத்துக்கு வரும்போது அவனும் கதைக்குள் போய்விடுவான், கை நின்றுவிடும். கதாநாயகி "நான் ஒன்று சொல்லவேண்டும்..." என்று தொடங்கி அப்படியே மங்கிச் செத்துப்போவாள். "சுத்தடா!" என்று ஐந்து குடும்பமும் கத்தும். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

இவ்வளவும் இருந்த இடத்தில் இன்றைக்குப் பிள்ளைக்கென்று காதால் கேட்க என்ன இருக்கிறது? கைத்தொலைபேசியில் கலர் கலராக யானை ஆடுகிறது. அந்த யானை பேசுகிற தமிழ் எங்கேயும் இல்லாத தமிழ். பண்டிகை நாட்களில் வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி வரும். ஒரு பிள்ளை தைப்பொங்கலின் சிறப்பைப் பாடமாக்கி ஒப்புவிக்கும். அவ்வளவுதான்.

திரும்ப விறாந்தைக்கு வருகிறேன்.

அடுத்த நாள் நாலும் என்னிடம் வந்து நின்றன. "ரீச்சர், எங்களுக்கும் ஒண்டு செய்யவேணும்." பேரன் மட்டும் "அம்மம்மா" என்றான், மற்றபடி அதே கோரிக்கை. கேளிக்கைப் பூங்கா வேண்டுமாம். தீவகத்தில் ஏது அது? யாழ்ப்பாணத்தில் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது, ஊஞ்சலும் சறுக்குமரமும் உண்டு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெறுங்காணிகளில் ராட்டினம் வந்து நிற்கும். எப்போதாவது கார்னிவல் வரும், மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓடும். எங்கள் பிள்ளைகள் கண்டது அவ்வளவுதான். பெட்டைதான் வழி கண்டுபிடித்தாள். இங்கே ஏழு தீவு என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள். நாங்கள் எட்டாவது தீவு ஒன்றை வைத்துக்கொள்வோம், குறிகட்டுவானில் போட் ஏறிப் போக வேண்டும், அங்கே பெரிய கார்னிவல். பெயர் எட்டாந்தீவு. ஒலியில் தீவு கட்டச் சீமெந்தும் வேண்டாம், அனுமதிப் பத்திரமும் வேண்டாம்.

என் போன்தான் ஒலிப்பதிவுக் கூடம். கிணற்றடி மண்ணெண்ணெய் மோட்டர் போட்டின் இயந்திரமானது. சுளகில் அரிசியைப் போட்டுச் சரித்து நிமிர்த்தினால் அலை. கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விட வேண்டாம் என்று எனக்குக் கட்டளை. அந்தக் கிறீச்சுத்தான் ராட்டினம். ராட்டினத்துக்குப் பாட்டு வேண்டுமே? பின்னேரம் பாண் விற்றுக்கொண்டு வருகிற ஓட்டோ ஒரு மெட்டைத் திரும்பத் திரும்பப் போடுமல்லவா, அதை ஒழுங்கை முனையில் காத்து நின்று பிடித்தார்கள். பாண்காரர் மூன்று தரம் திருப்பிப் போட்டுத் தந்தார், ஒரு பணிசும் கொடுத்தார். சிரட்டை இரண்டைச் சீமெந்தில் தட்டினால் குதிரை. கதையில் குதிரைக்கு வேலையே இல்லை. நெடுந்தீவு என்று ஓரிடத்தில் சொல்லுப்பட்டால் குதிரை வந்தே ஆக வேண்டும் என்று கடைக்குட்டி ஒற்றைக்காலில் நின்றான். வைத்தோம். காகங்கள் கேட்காமலே நடித்தன.

முதல் பதிவிலேயே சிக்கல். பெட்டை பேச்சுப்போட்டியில் வலய மட்டத்தில் பரிசு எடுத்தவள். விறாந்தையில் கதைக்கும்போது தண்ணி மாதிரிக் கதைக்கிறாள். போனை முன்னால் நீட்டினதும் கழுத்து நீண்டது, கை உயர்ந்தது, "ஐயகோ! கள்வன் தப்பி ஓடுகின்றானே!" என்றாள். மற்ற மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. அவள் முகம் சிவந்துபோனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலை அவளுக்குக் கொடுத்தது நாங்கள். எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேச்சு நான் எழுதிக் கொடுத்திருப்பேன்! "கனம் நடுவர் அவர்களே" என்று தொடங்கி, எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று சிவப்புப் பேனையால் கோடு போட்டும் கொடுத்திருக்கிறேன். மைக்கைக் கண்டால் தன் குரலை ஒளித்துவிட்டு எங்கள் குரலை எடுத்துப் போட வேண்டும் என்று ஒரு தலைமுறைக்குப் பழக்கிவிட்டோம். பேச்சுப்போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மைக்குக்கு முன்னால் பிள்ளைக்குக் கிடைக்கிற ஒரே வேலை அதுவாக இருக்கக் கூடாது என்கிறேன். கடைசியில் போனை அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்தோம். "அங்கை பாருங்கோடா, ஓடுறான்!" என்று அவளுடைய சொந்தத் தொண்டை வந்தது.

கதைக்குள் ஒரு கட்டத்தில் நான் குறுக்கே விழுந்தேன். கள்ளர் நடுக்கடலில் போட்டை மறிக்க வேண்டும், உள்ளே இருக்கிற சனம் கத்த வேண்டும் என்று ஒன்பது வயதுக்காரன் சொன்னான். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். 1985 மே 15, நடுக்கடலில் மறித்துச் சனத்தை வெட்டிக் கொன்ற குமுதினிப் படகு. நெடுந்தீவில் நான் படிப்பித்த வீடுகள். சொல்ல வாய் வரவில்லை. "கடலிலை எடுத்தால் சத்தம் சரியா வராது" என்று பொய் சொல்லி, மறிப்பைக் கரைக்கு மாற்றினேன். நாடகத்துக்கு அது நல்லதாகவே முடிந்தது. ஆனால் அதற்காக நான் மாற்றவில்லை.

பிறகுதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பான விசயம் நடந்தது. கள்ளனை எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டையின் யோசனை அபாரமானது. கள்ளன் தான் நெடுந்தீவு ஆள் என்று சொல்லிக்கொண்டு வருகிறான். இறங்குதுறையில் "படகு எத்தனை மணிக்கு?" என்று கேட்கிறான். உடனே அவள்: "நெடுந்தீவு ஆக்கள் ஆரும் படகு எண்டு கேப்பினமோ? போட் எண்டெல்லோ சொல்லுவினம்!" அடுத்தது, கச்சான் விற்கிற மனுசியிடம் "வேர்க்கடலை இருக்கா?" என்று கேட்டு மாட்டுப்படுகிறான். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. படத்தில் இந்தத் துப்பை வைக்க முடியாது. காதுக்கு மட்டும் பிடிபடுகிற கள்ளன். அதுவும் இந்தக் கரையில் வளர்ந்த காதுக்கு மட்டும்.

நாலு பேரில் ஒருத்தன் சிரிக்கவில்லை. என் பேரன். அவனும் படகு என்றுதான் சொல்வான். கச்சானுக்கு அவனிடம் தமிழில் பெயரே இல்லை. வந்த முதல் வாரம் முழுக்க ஒழுங்கைப் பிள்ளைகள் அவனுடைய 'ழ'வுக்கும் 'ற'வுக்கும் சிரித்தவர்கள். அவன் கேட்டான்:

"அப்ப நானும் கள்ளனோ?"

ஒருவரும் பேசவில்லை. காகங்கூட. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயெடுத்தேன், நல்ல வேளை, முந்திக்கொண்டு கடைக்குட்டி சொன்னான்: "நீ பொய்க் கள்ளன். எல்லாரும் உன்னைத்தான் எண்டு நினைப்பினம். ஆனா நீ இல்லை."

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் வருடக்கணக்கில் பழகுகிற வித்தை அது. ஆறு வயதுப் பிள்ளைக்கு, சிநேகிதனின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டது. படகு என்று சொன்னவன் வெளிநாட்டிலிருந்து வந்த அப்பாவிப் பெடியன். கச்சான்காரியும் பொலிசும் அவனைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். மற்ற மூவரும் அவனை மீட்க வேண்டும். பேரனுக்கு இப்போது நாடகத்தில் எல்லாரையும் விடப் பெரிய வேடம். அழுகிற காட்சியை அவன் ஒரே தடவையில் நடித்தான். நடிப்புத்தானா என்று நான் கேட்கவில்லை.

அப்படியென்றால் உண்மைக் கள்ளன் யார்? அதற்கும் பெட்டையிடம் விடை இருந்தது. நல்லூருக்குப் போனபோது கவனித்தாளாம். திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கி சொல்லும்தானே, பிள்ளையைக் காணவில்லை, பணப்பை கண்டெடுக்கப்பட்டிருக்கிறது, நகைகளைக் கவனமாக வைத்திருங்கள் என்று. "நகை கவனம் எண்டு சொன்ன உடனை அம்மா சங்கிலியைத் தொட்டுப் பாத்தவா, ரீச்சர். சுத்தி நிண்ட எல்லாரும் தொட்டவை. அப்ப ஆரிட்டை என்ன கிடக்கு, எங்கை கிடக்கு எண்டு கள்ளனுக்குத் தெரிஞ்சிடுமெல்லோ?" ஆகவே எட்டாந்தீவில் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறவனே கள்ளன். அவன் அறிவித்தல் கொடுப்பான். கூட்டாளி கீழே நின்று எந்தக் கை எங்கே போகிறது என்று பார்ப்பான். அவன் எங்கள் தமிழைப் பிழையில்லாமல், எல்லாரையும் விட வடிவாகப் பேசுகிறவன். கனிவாகவும் பேசுவான். சொல்லிக் கொடுத்து வருகிற கற்பனை அல்ல இது. நாற்பது வருடத் திருவிழாவில் அந்த அறிவித்தலைக் கேட்டு நானும் சங்கிலியைத் தொட்டிருக்கிறேன், இப்படி ஒரு யோசனை எனக்கு வந்ததில்லை.

இருபத்திரண்டு நிமிட நாடகம். ஐந்து நாள் எடுத்தது. ஒரு வானொலிக்கு அனுப்பினேன், பெயர் வேண்டாம். இரண்டு கிழமையால் ஒரு தம்பி மரியாதையாகவே எடுத்துப் பேசினார். "நல்லா இருக்கு ரீச்சர். ஆனா இதிலை பிள்ளையளுக்கு என்ன மெசேஜ்?" கள்ளன் பிடிபட்டான் தம்பி என்றேன். அது காணாதாம். கடைசியில் ஒரு பெரியவர் வந்து களவு தீது என்று இரண்டு வசனம் சொன்னால் நல்லதாம். முடிந்தால் டெங்கு ஒழிப்பும் சேர்த்தால் ஏதாவது ஒரு திட்டத்துக்குள் போடலாமாம். டெங்கு ஒழிய வேண்டியதுதான், எனக்கு மறுப்பில்லை. எட்டாந்தீவில் நுளம்பு இல்லை, அவ்வளவுதான்.

ஊரிலும் ஒரு பெரியவர் கேட்டார், கள்ளன் கதை சொல்லிப் பிள்ளைகளைக் கெடுக்கலாமோ என்று. அவர் காத்தவராயன் கூத்தை விடிய விடியப் பார்த்தவர். காத்தவராயன் என்ன சொல்வழி கேட்கிற பிள்ளையோ? கழுவேறப் போகிறவனுக்காக விடியப்புறம் கண்ணீர் விட்ட ஊர், ஒரு சங்கிலிக் கள்ளனுக்குப் பயப்படுகிறது. மறைந்த நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் 'கூடி விளையாடு பாப்பா' போட்டபோது அங்கே பிள்ளைகள் விளையாடினார்கள். பெயரிலேயே விளையாட்டு இருக்கிறது. மேடையில் அதைச் செய்துகாட்டிய மண்ணில் ஒலியில் மட்டும் ஏன் புத்திமதி?

நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. எங்கள் பாடசாலைகளில் காலைக் கூட்டத்துக்கு ஒலிபெருக்கி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், எப்படியும் பிள்ளைகள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த நேரத்தில், ஒரு நாடகம் போடுங்கள். 'தொடரும்' என்று முடியட்டும்; திங்கட்கிழமை வரவு கூடுகிறதா இல்லையா என்று பாருங்கள். நாடகமும் அரங்கியலும் பாடமாகப் படித்த இளைஞர்கள் தீவகத்திலேயே இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் வீதிக்கு வரவேற்பு வளைவு கட்டுகின்றன. ஒரு வளைவுக்குப் போகிற காசில் எத்தனை பகுதி செய்யலாம் என்று யாராவது கணக்குப் பார்த்ததுண்டா? வளைவுக்குக் கீழால் பஸ் போகும். நாடகமென்றால் டோட்மண்டிலும் சூரிச்சிலும் ஸ்காபரோவிலும் இருக்கிற உங்கள் பிள்ளைகளுக்கும் போகும். இங்கத்தைய பிள்ளை என்ன மாதிரிக் கதைக்கிறது என்று அவர்கள் கேட்பார்கள். தாங்கள் கள்ளர் இல்லை என்றும் அறிந்துகொள்வார்கள். நெடுந்தீவுக்குப் போய்வருகிற மாணவரும் ஆசிரியரும் ஒரு வழிக்கு ஒரு மணித்தியாலம் கடலில் இருக்கிறார்கள். போட்டின் சத்தத்தில் கேட்காது என்பார்கள். காதில் கொளுவிக்கொண்டு சினிமாப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இது மட்டும் கேட்காமல் போகுமா?

பேரனும் போன் கையில் கிடைத்தால் விடமாட்டான், அதையும் சொல்லிவிடுகிறேன். விறாந்தைப் பெட்டியில் திரை இல்லாததால் தப்பினான்.

பக்கத்து வளவுப் பெட்டை இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒலிபெருக்கிக் கள்ளன் ஊர்காவற்துறைக் கடற்கோட்டையில் அடைபட்டிருக்கிறான். அது முந்திச் சிறையாக இருந்தது, இப்போது கடற்படையின் விடுதி என்று நான் சொன்னேன். "அப்ப நல்லது ரீச்சர், ரூம் போட்டு இருக்கிறான்" என்றாள்.

முதற்பாகத்தைப் பேரன் தன் வகுப்பில் போட்டிருக்கிறான். வைபரில் எடுத்துச் சொன்னான். ஒரு பிள்ளைக்கும் தமிழ் விளங்கவில்லை, ஆனால் குதிரை ஏன் வந்தது என்று எல்லாரும் கேட்டார்களாம். ராட்டினம் சுற்றத் தொடங்கினதும் ஆசிரியை நிமிர்ந்து பார்த்து, "இது பேத்தோவன் அல்லவா?" என்றாராம். எங்கள் பாண் ஓட்டோவின் மெட்டு அந்த மனிதர் போட்டதாம். அவர் பிறந்த ஊர் பொன், இவர்கள் இருக்கிற இடத்திலிருந்து ரயிலில் போய்வரலாமாம். உங்கள் அம்மம்மா பேத்தோவன் கேட்கிறவரா என்று ஆசிரியை விசாரித்திருக்கிறார்.

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டு சொன்னன். ஒவ்வொரு நாளும் பின்னேரம், பாண் வாங்கேக்கை."